போன் திரை வெடிச்சிட்டுது, டச்சும் வேலை செய்யல்ல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு காலி வீதியில், கடற்காற்று வந்து அடிக்கும் பக்கமாக, மூன்றடி அகல மேசை ஒன்றுக்குப் பின்னால் இருந்து போன் திருத்துவது என் தொழில். காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆள் பெரும்பாலும் முந்தின இரவு போனைப் போட்டு உடைத்தவராக இருப்பார். "தம்பி, இத எவ்வளவுக்குச் செய்து தருவீங்க?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். காசைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு நிறைய உண்டு. ஒரே பதிலை நாளுக்குப் பத்துத் தரம் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். எழுதுகிறவன் ஒரு கடைக்காரன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கைதவறி விழுந்திட்டுது. இப்ப உடனே என்ன செய்யணும்?

முதலில் ஒரு நிமிடம் போனைத் தொடாமல் பாருங்கள். யாரும் தொடாமலே எழுத்துகள் அமுங்குகின்றனவா, ஆப்கள் தானாகத் திறக்கின்றனவா? அப்படியானால் உடனே அணைத்துவிடுங்கள். வெடித்த டச், விரல் படாத இடத்திலும் விரல் பட்டதாகச் சொல்லும். பூட்டுத் திரையில் பிழையான பின் எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்து, போன் தன்னைத்தானே மணிக்கணக்கில் பூட்டிக்கொள்ளும். பத்துத் தரம் பிழைத்தால் எல்லாவற்றையும் அழித்துவிடு என்ற செட்டிங் போட்டிருக்கும் ஐபோனில் அதன் முடிவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. அணைப்பதற்கும் திரையைத் தொட வேண்டியிருந்து, அது முடியவில்லை என்றால், சார்ஜ் போடாமல் பட்டரி இறங்கும் வரை ஓரமாக வையுங்கள்.

பேயாட்டம் எதுவும் இல்லை, டச் வெறுமனே செத்துக் கிடக்கிறது, ஆனால் விரலடையாளம் வைத்தால் பூட்டுத் திறக்கிறது என்றால் கதை நேர்மாறு. அணைக்கவே வேண்டாம். ஒருமுறை அணைந்து எழும்பிய போன் விரலடையாளத்தை ஏற்காது, பின் எண்ணை அடிக்கச் சொல்லும். அடிப்பதற்குத்தான் டச் இல்லையே.

அடுத்தது சிம். அதைக் கழற்றி வீட்டில் கிடக்கும் ஏதாவது பழைய போனில் போடுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கண்ணாடித் துகள் கையைக் கிழிக்காமலிருக்க, பார்சல் ஒட்டுகிற அகலமான டேப்பை மேலே ஒட்டுங்கள். சூப்பர் குளூ ஊற்றாதீர்கள். அது வெடிப்புக்குள் இறங்கி, திருத்தக்கூடிய திரையையும் திருத்த முடியாததாக்கும்.

போன் நனைந்தும் இருந்தால் அரிசிக்குள் புதைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு போனின் சார்ஜ் ஓட்டைக்குள்ளிருந்து கீரிச்சம்பா மணி இரண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். தண்ணீர் உள்ளே அப்படியே இருந்தது.

கண்ணாடி மட்டும் போச்சா, டிஸ்பிளேயும் போச்சா? எப்படித் தெரியும்?

நாம் திரை என்று சொல்வது மூன்று அடுக்கு. மேலே இருப்பது கண்ணாடி. அதன் கீழே விரலை உணரும் டச். அதற்கும் கீழே படத்தைக் காட்டும் பனல். பழைய போன்களில் டச் தனித் தகடாக வந்ததால் அதை மட்டும் மாற்றலாம். இன்றைய போன்களில் பெரும்பாலும் டச் பனலோடு சேர்ந்தே உருவாகிறது. மூன்றையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பசையால் ஒட்டி ஒரே தட்டாக்கி வைத்திருக்கிறார்கள். கடைகளில் இதற்குக் கொம்போ என்று பெயர்.

வெடிப்புக்குப் பின்னால் படம் தெளிவாகத் தெரிந்து, மூலை முடுக்கெல்லாம் டச் வேலை செய்தால், போனது கண்ணாடி மட்டும். மை சிந்தியதுபோல் கறுப்புத் திட்டு, பச்சை அல்லது ஊதாக் கோடு, ஒரு பக்கம் வெள்ளையாகிப் போவது இவையெல்லாம் பனல் போனதற்கு அடையாளம். டச் ஒரு பட்டையாக வேலை செய்யாமலிருந்தாலும் கொம்போவைத்தான் மாற்ற வேண்டும்.

டச்சைச் சோதிக்க ஒரு வழி: ஒரு ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்து, கோலம் போடுவதுபோலத் திரை முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் கை நழுவுகிறதோ அந்த இடத்தில் டச் இல்லை. சாம்சுங் என்றால் அழைப்புப் பலகையில் *#0*# என்று அடித்தால் சோதனைப் பக்கம் திறக்கும்.

திரை முழுக்கக் கறுப்பா? சிம்மைக் கழற்றுமுன் வேறொரு போனிலிருந்து அழையுங்கள். மணி அடித்தால் போன் உயிரோடு இருக்கிறது, திரைதான் செத்திருக்கிறது. அடுத்ததாக, இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பின்னால் விளக்கு எரிந்து படம் காட்டும் எல்சிடித் திரையில் படம் மங்கலாகத் தெரிந்தால் பின் வெளிச்சம் மட்டும்தான் போயிருக்கிறது.

உடையவே இல்ல அண்ணே, ஆனா டச் வேலை செய்யல்ல.

இப்படி வருகிற போன்களில் கணிசமானவை டிஸ்பிளே மாற்றாமலே திரும்பிப் போகின்றன. மேலே ஒட்டிய டெம்பர்ட் கிளாஸைக் கழற்றிப் பாருங்கள். வியர்வைக் கை, மழைத்துளி, தேங்காயெண்ணெய் இருந்தால் துடையுங்கள். பிறகு கட்டாய மறுதொடக்கம். சாம்சுங்கில் ஒலி குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்து பத்துச் செக்கன் வரை அமுக்கிப் பிடியுங்கள். ஐபோன் 8 முதல் பிறகு வந்தவற்றில் ஒலி கூட்டும் பட்டனைத் தட்டி, குறைக்கும் பட்டனைத் தட்டி, பிறகு பக்கப் பட்டனை ஆப்பிள் சின்னம் வரும்வரை அமுக்கிப் பிடியுங்கள்.

சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் டச் துள்ளுகிறதா? சார்ஜரை மாற்றுங்கள். உங்கள் விரல் நெருங்கும்போது மாறுகிற மிகச்சிறிய மின்னேற்றத்தைத்தான் டச் அளக்கிறது. மலிவான சார்ஜர் அந்தக் கம்பியில் இரைச்சலைக் கலந்துவிடும். மூன்று முள் சொக்கட்டில் பேனை மூடியைக் குத்தி இரண்டு முள் சார்ஜரைச் செருகும் வீடுகளுக்கு இதைச் சொல்கிறேன், போனைவிட உங்கள் கைக்காகத்தான்.

திரையின் ஒரு ஓரம் சட்டத்தைவிட்டு எழும்பி நிற்கிறதா? அது டச் பிரச்சினையே இல்லை. பட்டரி ஊதி, உள்ளேயிருந்து திரையைத் தள்ளுகிறது. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அமுக்கி ஒட்டப் பார்க்காதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், விழுந்த அதிர்ச்சியில் உள்ளே திரையை இணைக்கும் தட்டைக் கம்பியான ரிப்பன் கழன்றிருக்கலாம். கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளிலிருந்து வரும் போன்களில் ரிப்பன் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதையும் பார்க்கிறேன். திறந்து, துடைத்து, கொழுவினால் சரி. அதற்கு டிஸ்பிளே விலை கேட்கிற கடையிலிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

படம், மெசேஜ் எல்லாம் உள்ளுக்கு இருக்கு. எப்படி வெளியில எடுக்கிறது?

திரை போனாலும் படங்கள் போவதில்லை. அவை உள்ளே இருக்கும் மின்சுற்றுத் தகடான போர்டில் இருக்கின்றன. ஆனால் பூட்டைத் திறக்காமல் எந்தக் கணினியும் அவற்றை வாசிக்காது. அதனால் உங்கள் தேவை பின் எண்ணை அடிக்க ஒரு வழி.

அன்ட்ரொயிட் போன் என்றால், படம் தெரிந்து டச் மட்டும் இல்லாத நிலையில், ஓடிஜி என்ற சிறு இணைப்பானை வாங்குங்கள். புறக்கோட்டைப் பேமன்ட்டிலும் கிடைக்கும். அதில் கணினி மவுஸைச் செருகினால் போன் திரையில் அம்புக்குறி வரும். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்க, டியூஷன் நோட்ஸ் முழுவதையும் படமெடுத்து கேலரியில் வைத்திருந்த ஒரு பையன் முகம் வெளிறிப்போய் வந்தான். கடைக் கணினியிலிருந்த மவுஸைக் கழற்றிக் கொழுவிக் கொடுத்தேன். அரை மணியில் எல்லாவற்றையும் தன் மடிக்கணினிக்கு ஏற்றிக்கொண்டு, டிஸ்பிளே மாற்றக் காசு இல்லை, பரீட்சை முடிய வருகிறேன் என்று போய்விட்டான். சரியான முடிவு.

படமே தெரியவில்லை என்றால், சாம்சுங் எஸ் 8 தொடங்கி எஸ் வரிசைப் போன்களை யூஎஸ்பி சி வழியாக டீவியில் கொழுவலாம். எச்டிஎம்ஐ ஓட்டையும் மவுஸ் ஓட்டையும் சேர்ந்த ஹப் ஒன்று வேண்டும். நம் ஆட்கள் அதிகம் பாவிக்கும் ஏ வரிசையில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை.

ஐபோனில் மவுஸ் வேலை செய்ய அசிஸ்டிவ் டச் என்ற செட்டிங் முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். போட்டிருப்பவர்கள் குறைவு. அதனால் ஒரு கணினியில் ஐக்ளவுடுக்குள் போய், படங்கள் ஏற்கெனவே ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அன்ட்ரொயிட்காரர்களும் கூகுள் போட்டோஸைப் பாருங்கள். எல்லாம் அங்கே இருப்பது தெரியாமலே அழுதுகொண்டிருந்தவர்கள் உண்டு. உள்நுழைய அனுமதி கேட்டு அந்த உடைந்த போனுக்கே அறிவிப்புப் போனால், எஸ்எம்எஸ் வழியைத் தெரிவுசெய்யுங்கள். சிம்மைக் கழற்றி வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

எதுவும் முடியாவிட்டால் கடையில் இப்படிக் கேளுங்கள்: "சோதனை டிஸ்பிளே ஒன்றைக் கொழுவி, டேட்டாவை எடுக்க மட்டும் விடுவீங்களா?" உங்கள் மாதிரிக்குரிய டிஸ்பிளே கையிருப்பில் உள்ள கடைக்கு இது பதினைந்து நிமிட வேலை. கூலி மட்டும் வாங்குவார்கள். போனைத் திருத்தாமலே விடுவதென்றாலும் இது கைகொடுக்கும்.

நானே வீட்டில மாத்த ஏலுமா? யூடியூப்பில பாக்க லேசா இருக்கு.

வீடியோவில் லேசாகத்தான் இருக்கும். அவர்கள் பாட்டை ஓடவிட்டு, பசை இளகும் இருபது நிமிடத்தை வெட்டியெறிந்துவிடுகிறார்கள்.

போனைப் பொறுத்து என் பதில் மாறும். ஐபோன் 6 முதல் 8 வரை முன்பக்கமாகத் திறப்பவை. பொறுமையுள்ள ஒருவர் முதல் தடவையிலேயே செய்துவிடலாம். ஆனால் ஹோம் பட்டனைக் கிழிக்காமல் பழைய திரையிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். அந்தப் பட்டனும் போர்டும் ஒன்றையொன்று அறிந்து பிணைந்தவை. வேறு பட்டன் போட்டால் விரலடையாளம் வராது. ஐபோன் எக்ஸ் முதல் 12 வரை, மேலே காதில் வைக்கும் ஸ்பீக்கரோடு வரும் மெல்லிய ரிப்பன் கிழிந்தால் முகத்தைக் காட்டித் திறக்கும் வசதி போய்விடும். அந்த ரிப்பனை இரண்டு தரம் கிழித்த கை என்னுடையது. தொழில் பழகும் காலத்தில், என் சொந்தக் காசில்.

அன்ட்ரொயிட்டில் பின்மூடியைச் சூடாக்கித் திறந்து, உள்ளே இருப்பதைக் கழற்றித்தான் திரைக்குப் போக முடியும். ஃப்ரேமோடு வரும் டிஸ்பிளே வாங்கினால் பழைய திரையைச் சுரண்டும் வேலை மிச்சம். ஆனால் போர்ட், பட்டரி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் புதுச் சட்டத்துக்குக் குடிபெயர்க்க வேண்டும். ஃப்ரேம் இல்லாமல் வாங்கினால் குடிபெயர்க்கும் வேலை இல்லை, சுரண்ட வேண்டும். புதிதாகச் செய்கிறவருக்கு ஃப்ரேமோடு வருவதையே சொல்வேன்.

ஓரம் வளைந்த திரை, மடிக்கும் போன் இரண்டையும் வீட்டில் தொடாதீர்கள்.

வங்கி வேலை, ஓட்டோ ஆப் என்று நாள்பூராவும் ஒரே போனில் சீவிக்கிறவர் அந்தப் போனில் பழகவும் வேண்டாம். இலாச்சிக்குள் கிடக்கும் பழைய போனில் பழகுங்கள். அது பிழைத்தால் பெரிய நட்டமில்லை.

சரி, செய்யத்தான் போறேன். எந்த ஒழுங்கில?

பட்டரியை 25 வீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு அணையுங்கள். நிறைந்த லித்தியம் பட்டரியில் கத்தி பட்டால் தீப்பிடிக்கும். இறங்கியதில் ஆபத்து குறைவு. ஒரு வெள்ளைத் தாளில் போனின் படத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளை வேலைபோலத் தெரியும். ஐபோனில் கொஞ்சம் நீண்ட ஸ்க்ரூவைப் பிழையான துளையில் இறுக்கினால் அது போர்டுக்குள் ஓடும் கம்பியை அறுத்துவிடும். அதற்குப் பிறகு அது திரைப் பிரச்சினை இல்லை.

ஹெயார் ட்ரையரால் ஓரங்களைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். உறிஞ்சு கப்பால் இழுத்து, விழும் இடைவெளியில் பிளாஸ்டிக் தகட்டை விடுங்கள். இரும்பை விடாதீர்கள். திறந்ததும் முதலில் கழற்ற வேண்டியது பட்டரி இணைப்பு. அதைக் கழற்றாமல் டிஸ்பிளே ரிப்பனைத் தொட்டால் பின் வெளிச்சச் சுற்று கருகலாம்.

இனி நான் யாரிடமும் வலியுறுத்திச் சொல்வது: புது டிஸ்பிளேயை ஒட்டுவதற்கு முன் கொழுவிப் பாருங்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல், ரிப்பனை மட்டும் கொழுவி, பட்டரியைக் கொழுவி, போனை எழுப்பி, கோலம் போட்டு டச்சைப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஒருவரை அழைத்துக் காதில் வைத்து, திரை அணைகிறதா என்று பாருங்கள். தாள் உரிந்த, பசை பட்ட டிஸ்பிளேயை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. நானும் எடுக்க மாட்டேன்.

சரியென்றால் பட்டரியை மறுபடி கழற்றி, சட்டத்தை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, பழைய பசையையும் கண்ணாடித் துகளையும் முழுக்க எடுங்கள். ஒரு துகள் மிஞ்சினால் புதுத் திரை அந்த இடத்திலேயே வெடிக்கும். பி 7000 பசையை மெல்லிய கோடாக இட்டு, இறப்பர் பட்டிகளால் கட்டி ஒரு நாள் விடுங்கள். அவசரக்காரர்கள் இந்த ஒரு நாளில்தான் தோற்கிறார்கள்.

ஒரிஜினல், கொப்பி, இன்செல், ஓலெட் என்று ஆயிரம் பேர் சொல்றாங்க. எது என்ன?

ஒரே போனுக்கு ஒரு கடை ஒரு விலையும், அடுத்த கடை அதன் பாதியும் சொல்வதற்குக் காரணம் இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. கூலி எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் வாங்குவது கூலியை அல்ல, ஒரு பொருளை. அது எந்தப் பொருள் என்று தெரியாமல் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை.

சேர்விஸ் பெக் என்பது கம்பனியே உதிரிப்பாகமாக வெளியிடுவது. சாம்சுங்கில் பெரும்பாலும் ஃப்ரேமோடு பெட்டியில் வரும். விலை கூட. அடுத்தது கழற்றிய ஒரிஜினல்: வேறொரு போனிலிருந்து எடுத்த திரை, அல்லது பனல் நல்லதாக இருக்கக் கண்ணாடி மட்டும் மாற்றியது. நல்லதாகக் கிடைத்தால் காசுக்கு ஏற்ற சாமான் இதுதான், ஆனால் கடைக்காரரை நம்ப வேண்டும். மூன்றாவது வேறு கம்பனி செய்த ஓலெட், அதாவது பின் விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் திரை. நான்காவது, ஓலெட் இருந்த போனுக்கும் எல்சிடியில் செய்த கொப்பி. ஐபோனுக்கு வரும்போது இதை இன்செல் என்பார்கள், சாம்சுங்குக்கு வரும்போது டிஎஃப்டி என்பார்கள்.

கொப்பி கெட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு வட்ஸ்அப் பார்க்கவும் அழைப்பு எடுக்கவும் அது போதும். கொப்பியைப் போட்டுவிட்டு ஒரிஜினல் விலை வாங்குவதுதான் கெட்டது. கண்டுபிடிக்கச் சில வழி உண்டு. முழுக் கறுப்புப் படம் ஒன்றை வைத்து இருட்டில் பாருங்கள். ஓலெட் என்றால் அணைந்ததுபோல் கறுப்பாக இருக்கும், எல்சிடி என்றால் சாம்பல் வெளிச்சம் கசியும். கொப்பியில் திரையைச் சுற்றி வரும் கறுப்பு ஓரம் தடிப்பாக இருக்கும். திரையே சட்டத்தைவிட்டுக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். திரைக்கு உள்ளே விரலடையாளம் வைக்கும் போன் என்றால் சோதனை இன்னும் சுலபம்: எல்சிடிக் கொப்பியில் அது வேலை செய்யாது. "அப்டேட் வந்தா சரியாகும்" என்றால் நம்ப வேண்டாம்.

நானும் ஏமாந்தவன்தான். மொத்த வியாபாரி ஒருவர் ஓலெட் என்று தந்த இருபது திரையில் பாதிக்கு மேல் ஒரு மாதத்துக்குள் கோடு விழுந்தது. மாற்றித் தரவில்லை. வாடிக்கையாளர்களுக்கு நான் மாற்றிக் கொடுத்தேன். அந்த மாதம் மேசை வாடகையைக் கடன் வாங்கித்தான் கட்டினேன்.

கண்ணாடியை மட்டும் மாத்தித் தர மாட்டீங்களா? காசு குறையுமே.

பனலும் டச்சும் நல்ல நிலையில் இருந்தால் முடியும். உறைய வைத்தோ சூடாக்கியோ கண்ணாடியைப் பிரித்து, பழைய பசையை உருட்டி எடுத்து, ஓசிஏ என்ற பசைத்தாளோடு புதுக் கண்ணாடியைக் காற்றில்லா இயந்திரத்தில் ஒட்டி, குமிழியைப் போக்க அழுத்தப் பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டில் ஆகாத வேலை. இயந்திரம் இல்லாத கடைகள் வாங்கி வைத்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புகின்றன. அதில் பிழையில்லை, ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டும். பிரிக்கும்போது பனல் செத்தால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசுங்கள். விலை உயர்ந்த ஓலெட் போனுக்கு இதை நான் விரும்பிச் சொல்வேன், ஏனென்றால் உங்கள் ஒரிஜினல் பனல் உங்களிடமே இருக்கும். மலிவு எல்சிடிப் போனுக்குக் கொம்போவையே மாற்றுங்கள்.

கொழும்பில எங்க கொண்டு போறது நல்லம்?

வொரன்டி இன்னும் இருக்கிற, விலை கூடின போன் என்றால் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கே போங்கள். உடைந்ததற்கு இலவசமாகச் செய்யமாட்டார்கள். ஆனாலும் வெளியே திறந்தால் மிச்ச வொரன்டி கேள்விக்குறியாகும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் உதிரிப்பாகம் மலிவு, தெரிவும் அதிகம். ஏறத்தாழ எந்தக் கடைக்குள் போனாலும் தமிழில் பேசலாம், நானாமார் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் போன் கடைகள் நெருக்கியடித்து இருக்கின்றன. நடந்தபடியே நாலு விலை கேட்கலாம். பம்பலப்பிட்டியில் எம்சி என்கிற மஜெஸ்டிக் சிட்டியும் யூனிட்டி பிளாசாவும் உண்டு. யூனிட்டி கணினிக்குப் பேர் போனது, போனும் பார்ப்பார்கள்.

என் எண்ணத்தைக் கேட்டால், வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள கடை. திரை மாற்றினால் ஒரு தரமாவது திரும்பிப் போக வேண்டி வரும். 138 பஸ்ஸில் நின்றுகொண்டு ஒன்றரை மணி நேரம் போய்வருவதற்குள் மிச்சம் பிடித்த காசும் பொறுமையும் கரைந்துவிடும்.

கடையில குடுக்கும்போது என்ன கவனிக்கணும்?

எந்த வகை டிஸ்பிளே, ஃப்ரேமோடா இல்லையா, எத்தனை நாள் வொரன்டி என்ற மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். "டிஸ்பிளே மாற்றம்" என்று மட்டும் எழுதிய பில் பிறகு உதவாது. போனுக்கென்றே உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை, வாங்கிய பெட்டியிலிருந்தோ, *#06# அடித்தோ குறித்து வையுங்கள்.

பின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். சோதிக்கப் பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் நீங்களே அடியுங்கள், முன்னால் நின்றே பாருங்கள். டச் இன்னும் உயிரோடு இருக்கும் சாம்சுங் என்றால், பராமரிப்பு முறை என்ற செட்டிங்கைப் போட்டுவிட்டுக் கொடுக்கலாம். படமும் மெசேஜும் திருத்துகிறவர் கண்ணுக்குத் தெரியாது. குறிப்பாகத் தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன், இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. கேட்டால் கோபப்படுகிற கடை உங்களுக்குத் தேவையில்லாத கடை.

எவ்வளவு முடியும்?

மாதிரியைச் சொல்லாமல் விலை சொல்ல ஏலாது. உதிரிப்பாகம் டொலரில் வருகிறது. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 360 ஐத் தாண்டியபோது, காலையில் சொன்ன விலையைப் பின்னேரம் மாற்றிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

நான் பாவிக்கும் கணக்கு இது. உங்கள் போனை இன்று பழைய போனாக விற்றால் 40,000 ரூபா வரும், டிஸ்பிளே 25,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியைத் தாண்டிவிட்டது, பட்டரியும் களைத்திருந்தால் திருத்த வேண்டாம் என்பேன். பதிலாகப் பழைய போன் வாங்கப் போனால், காசு கொடுக்குமுன் ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணையும் அடித்து 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும்.

மாத்தின பிறகு ஐபோனில "தெரியாத பாகம்" என்று வருது. ஏமாத்திட்டாங்களா?

அவசியம் அப்படி இல்லை. ஐபோன் 11 முதல், ஆப்பிள் வழியாகப் போகாத திரைக்கு இந்த அறிவித்தல் வரும், நல்ல திரைக்கும் வரும். சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் வசதி மறைந்திருந்தால், பழைய திரையின் சிப்பிலிருந்து தரவை வாசித்துப் புதியதில் எழுதும் சிறு கருவி பல கடைகளில் உண்டு. பழைய திரை கையில் இருந்தால்தான் அது நடக்கும்.

திரும்பவும் தண்ணி புகாம இருக்குமா?

இல்லை. ஒருமுறை திறந்த போனை மழையில் எடுக்காதீர்கள்.

இரண்டு கிழமையில திரும்ப டச் போச்சு. கடைக்காரர் கையை விரிக்கிறார்.

புதிதாக விழுந்த அடையாளமோ அமுங்கிய தடமோ இருந்தால் கடைக்காரர் பக்கம் நியாயம் உண்டு. காற்சட்டைப் பின்பையில் போனை வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த அடியும் இல்லாமல் போயிருந்தால் பில்லோடு போங்கள், அமைதியாகப் பேசுங்கள். சரிவரவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 ஐ அழையுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால் பில் கொடுப்பது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் "பில் எல்லாம் குடுக்கிறதில்ல" என்கிறவரிடம் போனைக் கொடுக்கவே வேண்டாம்.

பழைய டிஸ்பிளேயை என்ன செய்ய?

கேட்டு வாங்குங்கள். பெரும்பாலானோர் அதைக் குப்பை என்று நினைத்து மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கண்ணாடி மட்டும் வெடித்து, பனல் எரிகிற ஒரிஜினல் ஓலெட்டுக்கு விலை உண்டு. கண்ணாடி மாற்றி விற்பவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆகவே விலை பேசும்போதே "பழையதை நீங்களே வச்சிக்கொண்டா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேளுங்கள். நான் கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்ப்பேன். பிறகு குறைப்பேன்.